மணமுறிவு, வேலை மாற்றம், புது ஊர்: ஆன்லைன் தெரபிஸ்ட் உதவுவாரா?

கேள்வி இதுதான்: "மணமுறிவு ஆகி ஏழு மாதம் ஆகிறது. அப்புறம் வேறு துறையில் வேலை, அதற்காக வேறு ஊர். நோய் என்று எதுவும் இல்லை. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை. ஆன்லைனில் ஒரு தெரபிஸ்ட்டிடம் பேசிப் பார் என்கிறாள் தோழி. நோய் இல்லாதவருக்குத் தெரபி எதற்கு? திரையில் பேசி என்ன ஆகப்போகிறது? போனால்தான் என்ன பேசுவது?"

பேசிப் பார்க்கலாம். இந்தத் துறையில் இருக்கும் நான் வேறு என்ன சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் திரையைப் பற்றிய உங்கள் சந்தேகம் பாதிதான் சரி. ஆன்லைனில் எதையும் சொல்லாமல் மறைப்பது எளிது, பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் விலகுவது அதைவிட எளிது. தெரபி பலிக்காமல் போவது பெரும்பாலும் அங்கேதான். படம் தெளிவாகத் தெரிகிறதா, குரல் விட்டுவிட்டு வருகிறதா என்பதெல்லாம் சின்ன விஷயம்.

முதலில் நோய் பற்றி. 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மனிதர் எவ்வளவு தூரம் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது என்பதை வைத்து ஒரு எண் கொடுத்தார்கள். துணையின் மரணத்துக்கு 100. மணமுறிவுக்கு 73. வேறு வகை வேலைக்கு மாறுவதற்கு 36, வீடு மாறுவதற்கு 20. திருமணத்துக்கே 50 உண்டு. நல்லது நடந்தாலும் பழகித்தானே ஆக வேண்டும். உங்களுடைய மூன்றையும் கூட்டினால் 129 வருகிறது. அதோடு முடிவதில்லை. தூக்கம் மாறுவது, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது, பழகும் வட்டம் மாறுவது என்று பின்னாலேயே வரும் சின்ன மாற்றங்களுக்கும் அதே பட்டியலில் தனித்தனி எண் இருக்கிறது. இது கொஞ்சம் முரட்டு அளவுகோல்தான். ஒருவருக்கு இடியாக விழும் மணமுறிவு இன்னொருவருக்கு விடுதலை. அதனால் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நடந்தது ஒரே ஒரு மாற்றம் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல மாற்றங்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு பெரிய மாற்றம் வந்து 3 மாதத்துக்குள் தொடங்கி, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போகும் தவிப்பை மனநல மருத்துவம் தனி வகையாகவே குறித்து வைத்திருக்கிறது. அந்தச் சிக்கலும் அதன் பின்விளைவுகளும் தீர்ந்தால் 6 மாதத்துக்குள் அது அடங்கிவிடும் என்பதும் அந்த வரையறையில் உண்டு. உங்களுக்கு அது இருக்கிறதா என்று ஒரு கேள்வியைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. ஆனால் பெயர் வைக்கும் அளவுக்கு முற்றட்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. "சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒட்டவில்லை" என்ற நிலையில் வருபவர்களோடு வேலை செய்வது உண்மையில் சுலபம். பேசியதை வைத்து அடுத்த நாள் ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க அவர்களிடம் இன்னும் தெம்பு இருக்கிறது.

சரி, திரை. பெர் கார்ல்பிரிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். இணையவழியில் தரப்படும் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழி முறை) சிகிச்சையையும் நேரில் தரப்படும் சிபிடியையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலனில் இரண்டும் ஏறத்தாழ சமமாகவே வந்தன. இதைச் சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் பார்த்தது பெரும்பாலும் பாடம் பாடமாகப் பிரித்த பயிற்சித் திட்டங்களை. அவற்றைச் செய்தவர்களுக்குப் பின்னால் இருந்து வழிகாட்ட ஒரு ஆள் இருந்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் மனம்விட்டுப் பேசுவதும் அதுவும் ஒன்றல்ல. திரை என்பதற்காகவே பலன் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம் என்ற அளவுக்கு அந்த ஆய்வு உதவும். அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

இழப்பதும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் உட்கார்ந்தால் ஆடும் கால், பிசையும் விரல் எல்லாம் தெரியும். வீடியோவில் தோளுக்கு மேலே மட்டும்தான். மௌனம் நீண்டால், யோசிக்கிறாரா, இணைப்பு போய்விட்டதா என்று புரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் பெரிய இழப்பு வேறு. போகும் வழியும் திரும்பும் வழியும் இல்லாமல் போய்விடுகிறது. அழுது முடித்து மடிக்கணினியை மூடிய இரண்டாவது நிமிடத்தில் அலுவலக அழைப்பு வந்துவிடும். அதனால் செஷன் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் வேறு எதையும் வைக்காதீர்கள். வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும் அந்தச் சின்னப் பெட்டியையும் மறைத்துவிடுங்கள். தன் முகத்தைத் தானே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது வீடியோ அழைப்பில் வரும் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதினார். தெரபியில் இன்னொரு தொல்லையும் உண்டு: அழும்போது எப்படித் தெரிகிறோம் என்று பார்க்க ஆரம்பித்தால் அழுகை அங்கேயே நின்றுவிடும்.

வரவும் இருக்கிறது. திரைக்குப் பின்னால் மனிதர்களின் தயக்கம் குறைகிறது என்பதை ஜான் சூலர் 2004-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். நேரில் நான்காவது சந்திப்பில் வரும் விஷயம் வீடியோவில் முதல் அரை மணியிலேயே வந்துவிடுவதைப் பார்க்கிறோம். ஆனால் அப்படிக் கொட்டியவருக்கு மறுநாளே "ஏன்தான் சொன்னோமோ" என்று வந்துவிடும். அடுத்த செஷனை ரத்து செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அப்படித் தோன்றினால் ரத்து செய்யாதீர்கள். போய், "போன வாரம் அவ்வளவு சொன்னது எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தில் இருந்தே தொடங்குங்கள். அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இதில்தான் விஷயமே இருக்கிறது. எட்வர்ட் போர்டின் 1979-ல் தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் இடையே இருக்க வேண்டியதை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பு. வருபவர்கள் மூன்றாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். "நல்லா பேசுறாங்க, கனிவா இருக்காங்க" என்று சொல்லி ஆறு மாதம் போய்க்கொண்டிருப்பார்கள். எதை நோக்கிப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. முதல் இரண்டு செஷனுக்குள் ஒரு குறிக்கோளை வாய்விட்டுச் சொல்லுங்கள். "சந்தோஷமா இருக்கணும்" என்பது குறிக்கோள் ஆகாது. அதை வைத்துக்கொண்டு தெரபிஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. "ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அது மாற வேண்டும்" என்பது குறிக்கோள்.

ஒரு உதாரணம். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன். வேலை போன ஒருவர். வீடியோவில் எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. முதல் மூன்று வாரமும் விண்ணப்பம், நேர்காணல், பொருளாதார நிலை இதைப் பற்றியே பேசினார். அத்தனையும் தெளிவாக, முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வந்த மாதிரி. நான்காவது வாரம் பேச்சுக்கு நடுவே கதவு தட்டப்பட்டது. அவர் சட்டென்று குரலை மாற்றி, "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் வா" என்றார். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடர்ந்தார். தெரபிஸ்ட் தொடரவிடவில்லை.

"இப்போது மகளிடம் என்ன சொன்னீர்கள்?"

"மீட்டிங் என்று."

"தினமும் அப்படித்தான் சொல்கிறீர்களா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் மெதுவாக: "காலையில் ஒன்பது மணிக்குக் கதவை மூடிக்கொள்வேன். ஆறு மணி வரை மீட்டிங். வாரத்தில் நிஜமான மீட்டிங் இது ஒன்றுதான்."

அவருடைய தெரபி உண்மையில் அன்றுதான் தொடங்கியது. விண்ணப்பம் போட அவருக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல் இருந்ததுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அந்த மூன்று வாரமும் அவர் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதுவும் வீடியோவாக இருந்ததால்தான் கதவு தட்டும் சத்தம் உள்ளே வந்தது. வேறு ஒரு அறையில் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் பல வாரம் பொருளாதாரத்தையே பேசிக்கொண்டிருந்திருப்பார்.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். செஷன் முடிந்ததும், எதைச் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டீர்களோ அதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். காரணம் எழுத வேண்டாம், விஷயத்தை மட்டும். மூன்று நான்கு வாரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த செஷனை அந்த வரியில் தொடங்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமானதை எல்லாம் கிளம்பும்போது சொல்வது மனித சுபாவம், ஆனால் அப்போது மேலே கேட்க நேரம் இருக்காது.

தெரபிஸ்ட் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. "அவரோடு திரும்பச் சேரலாமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்ல மாட்டார். சொன்னால் அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள். அந்தக் கேள்வி எந்த நேரத்தில் வருகிறது, வரும்போது எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பார். சிபிடி முறையில் பழகியவர் என்றால், மனசில் ஓடும் ஒரு எண்ணத்தை எழுதச் சொல்லி, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பார். செஷனுக்கு இடையில் செய்து பார்க்க ஏதாவது கொடுப்பார். சிலர் எழுதச் சொல்வார்கள். மனசை அழுத்தும் ஒன்றைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதச் சொல்லி 1980-களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆய்வு செய்தார். அன்று முதல் அந்தப் பயிற்சி பல வடிவங்களில் புழங்குகிறது. எழுதி முடித்தவுடன் மனசு இன்னும் கனத்துப்போகும், அது இயல்பு. ராத்திரி படுக்கப் போகும் முன் எழுதாமல் இருந்தால் சரி.

மணமுறிவும் ஒரு இழப்பு என்பதால் துக்கத்தின் ஐந்து கட்டங்கள் என்ற பேச்சு உங்கள் காதில் கட்டாயம் விழும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. யாரையோ இழந்துவிட்டுப் பிழைத்திருப்பவர்களுக்கான கால அட்டவணையாக அது பின்னால் மாறிவிட்டது. "நான் கோபத்தைத் தாண்டிவிட்டேனா, இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. எனக்குப் பயன்படுவது ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-ல் சொன்னது: இழந்தவர் இழப்பின் பக்கமும் பிழைப்பின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போக்குவரத்தே ஆரோக்கியம். ஒரு நாள் பழைய போட்டோவைப் பார்த்து அழுவதும், மறுநாள் புது வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுப்பதும் முரண் கிடையாது. ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால்தான் கவலை. உங்கள் கேள்வியைப் படித்தால் வேலை, ஊர், சாப்பாடு என்று முழுக்கப் பிழைப்பின் பக்கமே நிற்கிறீர்களோ என்று தோன்றுகிறது. மணமுறிவைப் பற்றி எழுதியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். தப்பாகவும் இருக்கலாம், ஆனால் முதல் செஷனில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாக. மனநல மருத்துவர் மருந்து எழுதலாம். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சுவழி சிகிச்சை தருவார்கள். 'லைஃப் கோச்' என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பெரும்பாலும் உரிமமோ மேற்பார்வையோ கிடையாது. என்ன படித்தார், உரிமமோ பதிவோ உண்டா, நீங்கள் இருக்கும் இடத்தில் இருப்பவருக்குச் சிகிச்சை தர அது செல்லுமா என்று நேராகக் கேளுங்கள். இணையம் எல்லை தாண்டினாலும் உரிமம் பல இடங்களில் எல்லை தாண்டாது. நீங்கள் ஊர் மாறியிருப்பதால் இது உங்களுக்கு ரொம்பவே பொருந்தும். இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர் கேட்க வேண்டும். கேட்காதவர் சரியாக வேலை செய்யவில்லை.

இன்னொரு கேள்வி: செஷன் குறிப்புகள் எங்கே இருக்கும்? பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேராகப் பணம் கேட்டு மின்னஞ்சல்கள் போயின. தெரபிஸ்ட்டிடம் சொன்னதை வெளியிடுவோம் என்ற மிரட்டலோடு. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம், வாடிக்கையாளர்களின் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்த புகாரில் 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இதைக் கேட்டுப் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. குறிப்பு எங்கே, எத்தனை வருடம், யார் பார்க்கலாம், செஷன் பதிவு செய்யப்படுகிறதா என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். எரிச்சல் படாமல் பதில் சொல்பவர் மற்ற விஷயங்களிலும் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார்.

சாட்பாட் போதாதா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். 1966-ல் ஜோசப் வைசன்பாம், சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எலைசா என்ற நிரலை எழுதினார். அதனிடம் பேசத் தொடங்கிய அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே போகச் சொல்லி அவரிடமே கேட்டாராம். மனிதர்கள் இயந்திரத்திடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது பழைய செய்தி. ஆனால் மேலே சொன்ன கதவு தட்டும் சத்தத்தில் பேச்சை நிறுத்தியது ஒரு மனிதர். நீங்கள் கொடுத்ததை வைத்துக்கொண்டு பேசுவதும், கொடுக்காமல் வைத்திருப்பதைக் கவனிப்பதும் வேறு வேறு வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு மனசில் இருப்பதைக் கொட்ட சாட்பாட் உதவினால் உதவட்டும், அதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் பொருந்தாத நேரங்களும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திட்டமாக மாறியிருந்தால் அடுத்த வார வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும், இல்லை யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். இல்லாத குரல் கேட்பது, நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் இருப்பது, குடியை விடும்போது வரும் நடுக்கம், இதற்கெல்லாம் நேரில் மருத்துவர் தேவை. ஒரே வீட்டில் உங்களை அடிப்பவரோ மிரட்டுபவரோ இருந்தால் வீடியோ ஆபத்து, பக்கத்து அறையில் காது இருக்கும். வெளியே, பாதுகாப்பான இடத்தில் நேரில் சந்திப்பதுதான் நல்லது. ஆபத்து இல்லை, தனிமைதான் இல்லை என்றால் ஹெட்போன் போடலாம், நிறுத்திய காரில் உட்காரலாம். அப்படிப் பேசுபவர்கள் நிறையப் பேர்.

பலன் தெரிகிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்வி கேட்கும் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம் இருக்கிறது, மதிப்பெண் 0 முதல் 27 வரை. பதற்றத்துக்கு ஜிஏடி-7. தொடங்கும்போது ஒன்று, ஆறு வாரம் கழித்து ஒன்று என்று போட்டுத் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து பாருங்கள். எண் அசையவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படியே இருக்கிறது என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். தோழியிடம் "இவரால ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு அவரிடம் "நல்லா இருக்கு" என்பது எல்லாரும் செய்வது. இருவருக்கும் நடுவில் வரும் உரசல்களைப் பற்றி ஜெரமி சாஃப்ரன் நீண்ட காலம் ஆய்வு செய்தார். உரசலைப் பேசிச் சரிசெய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுகிறது என்பது அந்த வழி ஆய்வுகளில் தெரிய வந்தது. மணமுறிவுக்குப் பிறகு வருபவர்களுக்கு இது இரட்டைப் பலன். மனத்தாங்கலை முகத்துக்கு நேராகச் சொல்லியும் உறவு முறியாமல் இருப்பதைப் பார்க்க அவர்களுக்கு அதிக வாய்ப்புக் கிடைத்திருக்காது.

சொல்லியும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் மெசேஜுக்குப் பதில் போடாமல் காணாமல் போகாதீர்கள். கடைசியாக ஒரு செஷன் வைத்து, எது உதவியது, எது உதவவில்லை என்று பேசிவிட்டு வாருங்கள். நன்றாகப் போய் முடிக்கிறீர்கள் என்றாலும் அதேதான். மறுபடி சரியத் தொடங்கினால் உங்களிடம் முதலில் தெரியும் அறிகுறி என்ன என்று இருவரும் சேர்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு செஷன் போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள், பலரும் ஒத்துக்கொள்வார்கள்.